வடக்கே தலைமாடு

பிள்ளைகளுக்கு ஊர் ஏற்ற மூன்று இரவு போதும் என்றாள் நிரோஜா.

இதே பெர்கனில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். குடியேற்ற மையத்தில் வேலை. எங்கள் பெயர்களைப் பார்த்துத்தான் அவளை அனுப்பியிருக்க வேண்டும். அவள் திறந்த பெட்டியில் இரண்டு குல்லாய்கள் இருந்தன. குளிருக்குப் போடுகிற கம்பளிக் குல்லாய் போலவே. உள்பக்கம் மட்டும் மீன் செதில் மாதிரி மினுங்கியது.

"இதைப் போட்டுக்கொண்டு படுத்தாச் சரி அண்ணா. பிள்ளையள் நித்திரையா இருக்கேக்கை ஊரைக் கொண்டுபோய்த் தலைக்குள்ள வைக்கும். பள்ளிக்கூடம், கடை, பஸ் நிக்கிற இடம், குறுக்கு ஒழுங்கை எல்லாம். எழும்பினா இங்கயே பிறந்த பிள்ளையள் மாதிரி நடப்பினம்."

"இது யாரோட ஊர்?" என்றேன்.

"விளங்கேல்லை."

"யாரோ ஒருத்தர் தலையிலேர்ந்துதானே எடுத்திருப்பீங்க."

சிரித்தாள். "இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். இந்தத் தெருவில வளந்த பிள்ளையள் குடுத்தவை. ஆரெண்டு எங்களுக்கும் சொல்ல மாட்டினம். சின்னப் பிள்ளையளுக்குத்தான் ஏறும். உங்களுக்கும் எனக்கும் ஏறாது. நீங்கள் போனில மேப் பாத்துத்தான் நடக்கவேணும்."

நறுமுகைக்கு ஒன்பது வயது. வெற்றிக்கு ஆறு. இருவரும் குல்லாயைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்தார்கள். வெற்றி அதைக் கழுத்து வரை இழுத்துவிட்டு, சுவரில் முட்டினான்.

நிரோஜா குரலைத் தாழ்த்தினாள். "ஒரு விசயம் சொல்லவேணும். தலைக்குள்ள வீடு எண்டு இருக்கிறது ஒரேயொரு இடம். புது ஊர் வந்து அதில இருந்தா, பழைய வீடு மங்கும். வாசல் எந்தப் பக்கம், எந்த அறைக்குள்ளால எங்க போறது, அதுகள். போட்டோவில பாத்தா வீடு தெரியும். ஆனா கண்ணை மூடிக்கொண்டு அதுக்குள்ள நடந்து போக ஏலாது. அங்க நடந்ததுகளும் சேந்து மங்கலாம்."

"மங்கட்டும்."

என்னைப் பார்த்தாள். "பிள்ளையளின்ரை அம்மா…"

"அந்த வீட்லதான் இருந்தா."

"ஓம்" என்றாள். பெட்டியை மூடினாள்.

தாரணி இறந்து ஒரு வருடம் ஆகிறது. காய்ச்சல். ஒரு வாரம்கூட இல்லை. கோவில்பட்டியில் அவள் அப்பா கட்டிய வீட்டில்தான் நாங்கள் இருந்தோம். அதன் பிறகு அங்கே சாப்பிடுவதும் தூங்குவதும் வேறு யாரோ செய்வதுபோல் இருந்தது. இந்த ஊரில் கடலுக்கு அடியில் போகும் சாலைச் சுரங்கங்கள் நிறைய. அவற்றுக்குக் காற்று அனுப்புவதைக் கவனிக்க ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தேன். கிடைத்தது.

தாரணியின் அண்ணன் மாரிச்செல்வத்துக்கு இது பிடிக்கவில்லை. போர்வெல் வண்டி வைத்திருக்கிறார். சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பழகியவர்.

"தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன். எனக்குப் பிள்ளையும் இல்ல. எங்கயோ ஐஸ்கட்டிக்கு நடுவுல கொண்டுபோய் எதுக்கு மாப்ள விடுற?"

"வேலை மச்சான்."

"நீ வேலைக்குப் போ. பிள்ளைகள விட்டுட்டுப் போ."

முடியாது என்றேன். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். அவர் வந்து பார்ப்பார். பிள்ளைகள் அங்கே ஒட்டியிருந்தால் விட்டுவிடுவார். தெருவில் திண்டாடி நின்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். விசாவும் எடுத்து வைத்துவிட்டார். நானும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதை அவர் மறக்கமாட்டார்.

எனக்கு முதல் பஸ்ஸில் போனால்தான் வேலை. பள்ளிக்கூடம் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் திறக்கும். இந்த ஊரில் ஆறு வயதுப் பிள்ளை தனியாகத்தான் நடந்து போகிறது. கூட யாரும் போவதில்லை. ஆகவே குல்லாய்.

நிரோஜா போகும்முன் இரண்டு கட்டில்களையும் தானே தள்ளிச் சரிசெய்தாள். "கட்டிலை மட்டும் அசைக்காதேங்கோ அண்ணா."

பிள்ளைகள் படுக்கப் போனபோது போனில் திசை பார்த்தேன். தலைமாடு நேர் வடக்கே இருந்தது.

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பொறியியல் படித்தவன். ஆனால் தாய் இல்லாத இரண்டு பிள்ளைகளை வடக்கே தலை வைத்துப் படுக்கப் போட்டுவிட்டு என்னால் விளக்கை அணைக்க முடியவில்லை. கட்டிலை அசைக்க வேண்டாம் என்றுதானே சொன்னாள். நான் கட்டிலை அசைக்கவில்லை. மூன்று இரவும் தலையணைகளை எடுத்துக் கால்மாட்டில் போட்டேன்.

திங்கட்கிழமை காலை இருவரும் பையை மாட்டிக்கொண்டு என்னை முந்திக்கொண்டு படியிறங்கினார்கள்.

"நான் ஒரு நாள் கூட வரட்டா?"

"எதுக்குப்பா?" என்றாள் முகை. ஊரில் பிறந்தவள் வெளியூர்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எங்களுக்குத் தெரியும்."

வெற்றி எதிர்வீட்டைக் காட்டினான். "அந்த வீட்ல ஒரு கறுப்பு நாய் இருக்குப்பா. கொலைக்கும். கடிக்காது." அந்த வீட்டில் நாயை நான் பார்த்ததில்லை. அவனும் பார்த்ததில்லை. அது எப்போதோ இருந்த நாயாக இருக்கும்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. பஸ் ஏறினேன்.

சுரங்கத்தில் இருந்தபோது பள்ளியிலிருந்து அழைத்தார்கள். பிள்ளைகள் வரவில்லை.

கண்டுபிடித்தது போலீஸ். நாங்கள் குடியிருப்பது சாண்ட்விக்கன் பகுதியில், மலைச் சரிவில். பள்ளி அங்கிருந்து வடக்கே. அவர்கள் தெற்கே நடந்து, துறைமுகத்தை ஒட்டிய மீன் சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மீன்கடைக்காரி இருவரையும் பெட்டிகள் மேல் உட்கார வைத்து இறால் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுகை இல்லை. கோபம்தான்.

"அப்பா, பள்ளிக்கூடத்தத் தூக்கிட்டுப் போயிட்டாங்க" என்றான் வெற்றி, வாய் நிறைய இறாலோடு.

"மலை இருக்க வேண்டிய இடத்துல கடல் இருக்குப்பா" என்றாள் முகை. "யாரோ மாத்தி வச்சிருக்காங்க."

அன்று மதியமே நிரோஜா வந்தாள். குல்லாய்களைத் தன் கணினியில் செருகிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள்.

"அண்ணா, பிள்ளையள் எந்தப் பக்கம் தலை வைச்சுப் படுத்தவை?"

சொன்னேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ! வடக்கு! என்ரை அம்மாவும் உப்பிடித்தான். அவ எண்டால் கட்டிலையே சுத்தி வைப்பா. ரெண்டு வருசமா இந்த வேலை செய்யிறன், ஒரு ஆளும் தலையணையை மாத்தினதில்லை. இனித் தமிழ் ஆக்களின்ரை வீட்டில தலையணையை ஆணி அடிச்சு வைக்கவேணும்."

"அதனால என்ன ஆச்சு?"

"தலை இருக்கிற பக்கத்தை வைச்சுத்தான் அது திசை பிடிக்கிறது. ஊர் முழுக்க அப்பிடியே உள்ள போயிருக்கு. ஆனா தலைகீழா. வடக்கு தெற்காப் போச்சு."

"சரி பண்ணலாமா?"

"பண்ணலாம். தலையணையைச் சரியான பக்கம் போட்டு இன்னொருக்கா. ஆனா…" சிரிப்பு போயிருந்தது. "இப்ப ஊர் பொருந்தாம வெளியில நிக்குது அண்ணா. வீட்டின்ரை இடத்தில வந்து இருக்கேல்லை. அதால பழைய வீடு இன்னும் அப்பிடியே இருக்கு. திருப்பி ஏத்தினா ஊர் போய் அதில இருந்திடும். அந்த வீடு போயிடும்."

"ஏத்தாட்டி?"

"இப்பிடியே நிக்கும். தலைகீழா. நெடுகலும்."

மாலை வீடியோவில் மாரிச்செல்வம் வந்தார். நான் வாய் திறக்கும் முன் வெற்றி போனைப் பிடுங்கிவிட்டான். "மாமா! நாங்க தொலைஞ்சு போயிட்டோம்! போலீஸ் வந்துச்சு! எறா சாப்ட்டோம்!"

திரையில் அவர் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"சனிக்கிழமை வர்றேன். பிள்ளைகளுக்குத் துணிமணி எடுத்து வச்சிரு."

அழைப்பை வைத்ததும் நிரோஜாவுக்குச் செய்தி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன். மறுபடியும் ஏற்றிவிடலாம். இதில் யோசிக்க எதுவும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு பக்கம் இரண்டு பிள்ளைகள். இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு.

முகை என் பின்னாலேயே நின்றிருந்தாள்.

"திரும்பக் குல்லாய் போட்டா நம்ம வீடு போயிருமாப்பா?"

நிரோஜா பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"வீடு எங்க போகும்? கோவில்பட்டியிலதான் இருக்கும்."

"தலைக்குள்ள."

"ஆமா. போயிரும்."

"உங்களுக்கும் போயிருமா?"

"எனக்கு ஏறாது."

"அப்ப உங்ககிட்ட மட்டும் இருக்கும்."

"ஆமா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

செவ்வாயும் புதனும் விடுப்பு எடுத்து நானே பள்ளிக்குக் கூட்டிப் போனேன். போனில் வரைபடம் பார்த்து நடந்தேன். இருவரும் என் பின்னால் ஏதோ குசுகுசுத்துக்கொண்டு வந்தார்கள். சந்து பிரியும் இடங்களில் வெற்றி ஒரு பக்கம் கை காட்டுவான். முகை அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி எதிர்ப்பக்கம் நீட்டுவாள். ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தேன். முகை சொன்னாள், "இன்னைக்கு நீங்க பின்னால வாங்க. போனை எடுக்கக் கூடாது."

மழை தூறியது. இங்கே எப்போதும் தூறும். கீழ்க் கதவைத் தாண்டியதும் இருவரும் நின்றார்கள்.

"எந்தப் பக்கம்டா?" என்றாள்.

"அந்தப் பக்கம்!" வெற்றி தெற்கே காட்டினான்.

"அப்ப?"

"அப்ப இந்தப் பக்கம்!" திரும்பி வடக்கே ஓடினான்.

அடுத்த முனையில் முகை நின்றாள். இறங்கிப் போகும் சந்தைப் பார்த்தாள். அவள் கால் அந்தப் பக்கம் லேசாக நகர்ந்தது. பிறகு திரும்பி ஏறும் சந்துக்குள் போனாள். ஒவ்வொரு முனையிலும் அதேதான். நிற்பது, ஒரு பக்கம் பார்ப்பது, மறுபக்கம் நடப்பது. மரவீடுகளுக்கு நடுவே, கைப்பிடிக் கம்பி போட்ட படிக்கட்டுகளில், எனக்குத் தெரியாத குறுக்கு வழி ஒன்றில் கூட்டிப் போனாள். பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை. அதற்குள் வாசலில் நின்றோம்.

"எப்படி?"

"உள்ள இருக்கறது எப்பவும் தப்பாத்தான்ப்பா சொல்லும். ஒரு நாளாச்சும் சரியாச் சொன்னாத்தான் கஷ்டம். எப்பவும் தப்பாவே சொன்னா ஈஸிதானே?"

ஒரு அளவுமானி மாறாமல் ஒரே அளவு பிழை காட்டினால் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. பிழையைக் கழித்துக்கொண்டு வேலை செய்யலாம். சுரங்கத்தில் அப்படி எத்தனையோ வைத்திருக்கிறோம். இதை எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"உனக்கு அந்த வீடு வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணும்."

பஸ் நிறுத்தத்தில் நின்று நிரோஜாவை அழைத்தேன். நாளை வரவேண்டாம் என்றேன்.

"பிழையான மேப்போட பிள்ளையளை விடப்போறியளோ?"

"பிழை என்னன்னு தெரிஞ்ச மேப்புங்க அது."

"அண்ணா, இதை நான் மேல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

"சொல்ல வேண்டாம்."

சனிக்கிழமை மாரிச்செல்வம் வந்து இறங்கினார். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு கோட்டு, காதைச் சுற்றி மஃப்ளர். வெற்றி அரைக்கால் சட்டையோடு அவர் மேல் தாவினான்.

"ஏய் மாப்ள, இது என்ன ஊருய்யா! வானத்துல யாரும் குழாய மூட மாட்டாங்களா? இங்க நமக்குப் பொழப்பே கிடையாது. போர் போடாமலே தண்ணி." என்னை மேலும் கீழும் பார்த்தார். "எளச்சிட்ட."

திங்கட்கிழமை காலை அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்தார். அரை நாள் விடுப்பில் நானும் அவருக்குப் பின்னால் நடந்தேன். முகை முனைகளில் நிற்பதைக்கூட விட்டிருந்தாள். கண்ணை ஒரு பக்கம் ஓட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிவிடுவாள். படிக்கட்டுகளில் அவருக்கு மூச்சு வாங்கியது. வெற்றி மேலே நின்று, "சீக்கிரம் மாமா, மணி அடிச்சிருவாங்க" என்று அதட்டினான்.

திரும்பி வரும்போது மச்சான் சிரித்தார். "பொடிசுக ரெண்டும் டவுன் பஸ் டிரைவர் கணக்கா வளைச்சு வளைச்சுப் போகுதுக."

"ஒட்டிக்கிட்டாங்க மச்சான்."

"வழி ஒட்டிக்கிச்சு. சரி." சிரிப்பை நிறுத்தினார். "அந்தக் குல்லாவப் போட்டா வீடு மறந்துரும்னு நம்ம பக்கம் பேசிக்கிறாங்க. என் தங்கச்சிய மறந்துட்டு வழி தெரிஞ்சு என்ன செய்ய? அதையும் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

எனக்குப் பயமில்லை. பிள்ளைகள் ஜெயிப்பார்கள் என்று தெரியும்.

மாலை சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார். அவரே வைத்த புளிக்குழம்பு, சோறு. நாங்கள் நால்வர்.

"முகை, நம்ம வீட்டுல அம்மா தையல் மிஷின் எங்க இருக்கும்?"

"ஜன்னல் பக்கம் மாமா. முருங்க மரம் தெரியுற ஜன்னல்."

"அதுக்கு எதுத்தாப்ல?"

"சாமி அலமாரி. கீழ் கதவு ஒழுங்கா மூடாது. அம்மா பேப்பர் மடிச்சுச் சொருகுவாங்க."

அவர் அந்தப் பக்கம் திரும்பினார். "வெற்றி, நீ சொல்லு. கெணறு எங்க இருக்கு?"

"பின்னால!"

"பின்னாலன்னா, வேப்ப மரத்துகிட்ட" என்றாள் முகை.

"இல்ல, சும்மா பின்னால! அப்பா, நீங்க சொல்லுங்க, யார் சரி?"

"முன்னாலதான்" என்றேன். "கேட்டுக்குப் பக்கத்துல."

பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். "விளையாடாதீங்கப்பா" என்றாள் முகை.

மச்சான் சிரிக்கவில்லை. கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார்.

"மாப்ள, பட்டாசல்லேர்ந்து மாடிக்கு எப்டிப் போவ?"

யோசித்தேன். வீடு தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்த வீடு. நீலச் சுவர், கேட், கேட்டில் சாய்ந்து நிற்கும் என் வண்டி. போட்டோவில் இருப்பதுபோல் எல்லாம் தெளிவாக இருந்தது. கதவைத் தாண்டிப் பட்டாசலுக்குள், அந்த முன்கூடத்துக்குள், போகப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பத்து வருடம் அங்கே இருந்திருக்கிறேன்.

"நெனவு வரல மச்சான்."

"வாசல் எந்தத் தெச பாத்தது?"

ஒரு பக்கம் கை நீட்டப் போய், மடக்கிக்கொண்டேன்.

"நீயும் அந்தக் குல்லாவப் போட்டியா?"

"பெரியவங்களுக்கு ஏறாது."

"அப்பறம்?"

"தெரியல. அவ போனப்பறம் அந்த வீட்ட நான் நெனச்சே பாக்கல."

வெற்றி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். முகை என்னை மட்டும் பார்த்தாள். வீடு என்னிடம் இருக்கும் என்று அவளிடம் சொன்னவன் நான்.

மச்சான் எழுந்து கை கழுவினார். பால்கனிக் கதவைத் திறந்து தூறலில் போய் நின்றார். கோட்டுகூடப் போடவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளே வந்தார். குரல் போர்வெல் வண்டிக்காரர் குரலாக இல்லை.

"எனக்கு மட்டும் டிக்கெட் போடு மாப்ள."

"ஏன் மச்சான்?"

"இதுகள நான் கூட்டிட்டுப் போயிட்டா ஒனக்கு யாரு இருக்கா?" மஃப்ளரை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வருசத்துக்கு ஒருக்க அனுப்பி வையி. நீயும் வா."

சரி என்று சொல்ல நினைத்தேன். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

முகை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எந்திரிங்கப்பா. கண்ண மூடுங்க."

மூடினேன். என்னைத் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினாள். யோசித்து இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"இப்ப கேட்டத் தொறந்து உள்ள வந்தாச்சு. செருப்பக் கழட்டுங்க."

"செருப்பு போடலையே."

"கழட்டுங்கப்பா."

காலை உதறினேன். மச்சான் நாற்காலியை எனக்கு வழிவிட்டு இழுக்கும் சத்தம் கேட்டது.

"மூணு படி. ஏறுங்க. இது பட்டாசல். நேரா வாங்க. ஊஞ்சல் இடிக்கும், இந்தப் பக்கமா வாங்க. ஆங். இப்ப இடது கைப் பக்கம் திரும்புங்க." அவள் கை என்னை இழுத்தது. "இதான் சமையக்கட்டு. அம்மா உள்ளதான் இருக்காங்க. நெலை தாழ்வா இருக்கும், குனிஞ்சு வாங்க."

குனிந்தேன்.

"பத்தாது!" வெற்றி பின்னாலிருந்து கத்தினான். "இன்னும்ப்பா! தல இடிக்கப் போகுது!"

இன்னும் குனிந்தேன்.